அமெரிக்காவில் தொகுதிக் கோட்டை யார் கிழிப்பது?

உங்கள் கேள்வி இது: ஆளுங்கட்சி தனக்குச் சாதகமாகத் தொகுதிகளை வெட்டி ஒட்டுவதில் தலையிட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே கைவிரித்துவிட்டதாமே, அப்படியானால் கட்சி சாராத ஆணையங்களிடம் அந்த வேலையைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தீராது. ஆனால் ‘ஆணையம் வீண்’ என்பதும் என் பதில் அல்ல. ஆணையத்தில் உட்காருகிறவர்களைப் பொறுக்கியது யார், அவர்கள் போட்ட கோட்டை அரசியல்வாதிகள் தாண்டிப் போக வழி இருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. ‘ஆணையம்’ என்ற ஒரே பெயரில் அங்கே முற்றிலும் வேறான பல அமைப்புகள் உலவுகின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் ஊரில் ‘தொகுதி மறுவரையறை’ என்றால் எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்ற சண்டைதான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் அந்தப் பங்கீட்டில் பெரிய தகராறு இல்லை. பத்தாண்டுக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும் ஒரு சூத்திரப்படி மாநிலங்களுக்குப் பிரிந்துவிடும். சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: மாநிலத்துக்குள் கோடு எந்தத் தெரு வழியாகப் போவது? இந்தியாவில் இதைச் செய்வது உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவரோ இருப்பவரோ தலைமை வகிக்கும் ஆணையம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மாநிலச் சட்டமன்றமே செய்கிறது. தேர்வு எழுதப் போகிறவரே வினாத்தாளையும் தயாரிக்கிறார்.

அதில் என்ன பெரிதாகக் கிடைத்துவிடும் என்று தோன்றலாம். ஐம்பது வாக்காளர்கள், தொகுதிக்குப் பத்துப் பேராக ஐந்து தொகுதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலக் கட்சிக்கு 30 பேர், சிவப்புக் கட்சிக்கு 20 பேர். பேனா சிவப்பின் கையில் இருக்கிறது. இரண்டு தொகுதிகளில் ஒன்பது ஒன்பது நீலங்களை அடைத்துவிடுகிறார்கள். மீதி 12 நீலங்களை மூன்று தொகுதிகளில் நாலு நாலாக உடைத்துப் போடுகிறார்கள். அந்த மூன்றிலும் சிவப்பு ஆறுக்கு நாலு என்று ஜெயிக்கிறது. நாற்பது சதவீத வாக்கில் ஐந்துக்கு மூன்று இடம். ஒரு கள்ள ஓட்டுக்கூட விழவில்லை. அடைப்பதும் உடைப்பதும்தான் இந்தக் கலையின் மொத்தச் சூட்சுமம்.

இதற்கு கெர்ரிமேண்டரிங் என்ற பெயர் வந்தது 1812-இல். மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி ஒப்புதல் அளித்த மாநில செனட் தொகுதி ஒன்று ‘சாலமேண்டர்’ என்ற பல்லி போன்ற பிராணியின் வடிவில் வளைந்து கிடந்தது. பாஸ்டன் பத்திரிகை ஒன்று அதற்கு இறக்கையும் நகமும் வைத்துக் கேலிச்சித்திரம் போட்டு, ஆளுநரின் பெயரைப் பிராணியின் பெயரோடு ஒட்டிவிட்டது. (அவர் பெயரின் முதல் எழுத்து ‘கெ’தான். இன்று எல்லோரும் ‘ஜெர்ரி’ ஆக்கிவிட்டார்கள்.)

நீதிமன்றங்கள் வெகுகாலம் இதில் தலையிடவில்லை. ‘இந்த அரசியல் முட்புதருக்குள் நீதிமன்றம் நுழையக் கூடாது’ என்று நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் 1946-இல் எழுதினார். அந்தப் புதரை முதலில் வெட்டியது 1962-இன் பேக்கர் எதிர் கார் வழக்கு. டென்னசி மாநிலம் 1901-க்குப் பிறகு தொகுதி எல்லைகளைத் தொடவே இல்லை. கிராமத்துத் தொகுதியில் சில ஆயிரம் பேர், நகரத்துத் தொகுதியில் பல மடங்கு. இதை விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டே ஆண்டில் ‘ஒருவருக்கு ஒரு வாக்கு, எல்லா வாக்குக்கும் ஒரே எடை’ என்பது சட்டமானது. அதன்பின் தொகுதிகளின் மக்கள்தொகை சமமாயிற்று. ஆனால் மேலே சொன்ன ஐம்பது பேர் கணக்கைப் பாருங்கள், அங்கேயும் எல்லாத் தொகுதியிலும் சரியாகப் பத்துப் பேர்தான்.

கட்சி ஆதாயத்துக்காக வரைந்த வரைபடம் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பெரிய வழக்கு இண்டியானாவிலிருந்து வந்தது. 1982 தேர்தலில் அந்த மாநிலக் கீழவைக்கு ஜனநாயகக் கட்சி 51.9 சதவீத வாக்கு வாங்கி, 100-இல் 43 இடம்தான் பெற்றது. 1986-இல் டேவிஸ் எதிர் பேண்டிமர் வழக்கில் நீதிபதிகள் சொன்னதன் சாரம்: இதை விசாரிக்கும் அதிகாரம் எங்களுக்கு உண்டு, ஆனால் இந்த வரைபடத்தை ரத்து செய்யும் அளவுக்கு நிரூபணம் இல்லை. அளவுகோல் எது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 2004-இல் பென்சில்வேனியா வழக்கில் நாலு நீதிபதிகள் ‘கதவை மூடிவிடலாம்’ என்றார்கள். ஐந்தாமவரான கென்னடி, இந்த வழக்கு தள்ளுபடி, ஆனால் நாளை நல்ல அளவுகோல் ஒன்று கிடைக்கலாம் என்று ஒருக்களித்து வைத்தார். அந்த இடுக்கில் பதினைந்து ஆண்டுகள் கணிதப் பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் அளவுகோல் தேடி அலைந்தார்கள். விஸ்கான்சினில் 2012-இல் குடியரசுக் கட்சி 48.6 சதவீத வாக்குக்கு 99-இல் 60 இடம் எடுத்ததை, வீணாய்ப்போன வாக்குகளை எண்ணும் சூத்திரத்தோடு கொண்டுபோனார்கள். 2018-இல் நீதிமன்றம், வழக்குப் போட்டவர்களுக்குத் தங்கள் தொகுதியில் நேர்ந்த பாதிப்பைக் காட்டவில்லை என்று திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு கென்னடி ஓய்வு பெற்றார்.

மறு ஆண்டு ஜூன் 27-இல் வந்ததுதான் நீங்கள் கேள்விப்பட்ட தீர்ப்பு: ரூச்சோ எதிர் காமன் காஸ். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வழக்கு வட கரோலைனாவைப் பற்றியது. அங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை. 2016-இல் வரைபடக் குழுவின் இணைத்தலைவராக இருந்த டேவிட் லூயிஸ், 10 குடியரசுக் கட்சி 3 ஜனநாயகக் கட்சி என்று வரும்படி வரைவோம், 11-2 என்று வரைய முடியும் எனத் தோன்றாததால்தான் 10-3 என்கிறேன் என்று கூட்டத்தில் வெளிப்படையாகவே பேசினார். மாநிலம் முழுவதும் இரு கட்சிக்கும் வாக்கு ஏறத்தாழப் பாதிப் பாதி. வழக்குத் தொடுத்தவர்களின் நிபுணர் ஒருவர் கணினியில் 3,000 வரைபடங்களை உருவாக்கிக் காட்டினார். மாநிலத்தின் மற்ற விதிகளையெல்லாம் மதித்து, கட்சியை மட்டும் பார்க்காமல் வரைந்தவை. அந்த மூவாயிரத்தில் ஒன்றில்கூட 10-3 வரவில்லை. எல்லாவற்றிலும் ஜனநாயகக் கட்சிக்குக் குறைந்தது ஓர் இடமாவது கூடுதலாக வந்தது.

ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு இந்தச் செயலை நியாயப்படுத்தவில்லை. இது ஜனநாயக நெறிகளோடு ஒத்துப்போகாதது என்றே அவர் ஒப்புக்கொள்கிறார். அவருடைய வாதம் வேறு: கட்சி நோக்கம் வரைவில் கொஞ்சம் இருப்பது அரசியலமைப்புக்கு விரோதமல்ல, ‘கொஞ்சம்’ எங்கே முடிந்து ‘அதிகம்’ எங்கே தொடங்குகிறது என்று அளக்க நீதிபதியிடம் சட்டப்படியான படிக்கல் இல்லை, எனவே கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு இது அப்பாற்பட்டது. எதிர்த்தரப்பில் நீதிபதி கேகன், அளவுகோல் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் கீழ் நீதிமன்றங்கள் அளந்து காட்டியதைப் பாருங்கள் என்றார். கணினி போட்ட மூவாயிரம் வரைபடமும் அவர் பக்கம்தான் இருந்தன. வழக்கமாக ‘மரியாதையுடன் மாறுபடுகிறேன்’ என்று முடிப்பார்கள். அவர் ‘மரியாதையுடன், ஆனால் ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்று முடித்தார்.

என் கருத்தைக் கேட்டால் கேகன் சொன்னதுதான் சரி. எந்த உயரத்துக்கு மேல் ஒருவர் நெட்டை என்று யாராலும் வரையறுக்க முடியாது. அதற்காக ஏழடி ஆளை நெட்டையா என்று சொல்லத் தெரியாது என்போமா? வட கரோலைனா ஏழடி ஆள்.

ராபர்ட்ஸ் கதவை மூடும்போது பக்கத்தில் இரண்டு வழிகளைக் காட்டினார். ஒன்று, மாநில நீதிமன்றங்கள். இரண்டு, கொலராடோவும் மிச்சிகனும் செய்ததுபோல மக்கள் வாக்கெடுப்பில் அமையும் ஆணையங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2000-இல் அரிசோனா மக்கள் வாக்களித்து ஐந்து பேர் ஆணையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள்: கட்சிக்கு இருவர், எந்தக் கட்சியும் சாராத தலைவர் ஒருவர். தன் அதிகாரம் பறிபோனதாகச் சட்டமன்றம் வழக்குப் போட்டது. அரசியலமைப்பு, கூட்டாட்சித் தேர்தலின் நடைமுறையை ‘அந்தந்த மாநிலச் சட்டமன்றம்’ தீர்மானிக்கும் என்கிறதே, மக்கள் எப்படி அதை எடுத்து வேறு யாருக்கோ கொடுக்கலாம் என்பது வாதம். 2015-இல் ஐந்துக்கு நாலில் ஆணையம் தப்பியது. சட்டமியற்றும் அதிகாரம் மக்களுக்கும் உண்டு என்று நீதிபதி கின்ஸ்பர்க் எழுதினார். அன்றைக்கு ‘சட்டமன்றம் என்றால் சட்டமன்றம்தான்’ என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் இதே ராபர்ட்ஸ். அன்று அவர் பக்கம் ஒரு வாக்கு கூடியிருந்தால், பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளைப் பொறுத்தவரை 2019-இல் அவர் காட்டிய இரண்டாவது வழியே இருந்திருக்காது. 2023-இல் மூர் எதிர் ஹார்ப்பர் வழக்கில் அவரே பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதி, மாநிலச் சட்டமன்றம் மாநில அரசியலமைப்புக்கும் மாநில நீதிமன்றத்துக்கும் கட்டுப்பட்டதே என்று உறுதி செய்தார்.

மாநில நீதிமன்ற வழி எப்படிப் போனது? பென்சில்வேனியாவில் நன்றாக. ரூச்சோ தீர்ப்புக்கு முன்பே, 2018 ஜனவரியில், தேர்தல்கள் ‘சுதந்திரமாகவும் சமமாகவும்’ நடக்க வேண்டும் என்ற மாநில அரசியலமைப்பு வாசகத்தை வைத்து அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரைபடத்தைத் தூக்கி எறிந்தது. அதில் ஒரு தொகுதியின் வடிவத்தைப் பார்த்தவர்கள் ‘கூஃபி டொனால்ட் டக்கை எட்டி உதைக்கிறது’ என்பார்கள் (இரண்டும் டிஸ்னி கார்ட்டூன் பாத்திரங்கள்). பழைய வரைபடத்தில் 18-இல் 13 இடம் குடியரசுக் கட்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. புதியதில் 9-9.

வட கரோலைனாவில் இதே வழியின் மறுபக்கம். 2022 பிப்ரவரியில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் 4-3 என்று வரைபடத்தை ரத்து செய்தது. அந்த ஆண்டு முடிவு 7-7. அதே நவம்பரில் நீதிபதிகளுக்கும் தேர்தல் நடந்தது, அமெரிக்காவில் பல மாநிலங்களில் நீதிபதிகளும் வாக்குக் கேட்டுத்தான் வருவார்கள். நீதிமன்றத்தில் குடியரசுக் கட்சி 5-2 பெரும்பான்மை பெற்றது. 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அரசியலமைப்பில் ஒரு வார்த்தை மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள். 2024 தேர்தலில் 10-4. இந்த வழியில் கிடைக்கும் நிவாரணத்தின் ஆயுள் அடுத்த நீதிபதித் தேர்தல் வரைதான் என்று வாதாடுகிறவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

இனி ஆணையங்கள். கலிபோர்னியாவில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் அங்கே நோய் இரண்டு கட்சிக்கும் பொதுவாக இருந்தது. 2001-இல் இரு தரப்பும் சேர்ந்து, இருக்கிற உறுப்பினர்கள் யாரும் தோற்காதபடி வரைந்துகொண்டார்கள். 2002 முதல் 2010 வரை ஐந்து பொதுத் தேர்தல்களில் 53 இடங்களில் ஒரே ஒரு இடம்தான் கட்சி மாறியது. 2008-இல் மாநிலச் சட்டமன்றத்துக்கும் 2010-இல் பிரதிநிதிகள் சபைக்கும் வரையும் பொறுப்பை 14 பேர் குடிமக்கள் ஆணையத்துக்கு மக்கள் மாற்றினார்கள். ஜனநாயகக் கட்சியிலிருந்து 5, குடியரசுக் கட்சியிலிருந்து 5, இரண்டும் அல்லாதவர் 4. விண்ணப்பங்களை மாநிலத் தணிக்கை அலுவலகம் சலித்து 60 பேராக்கும். சட்டமன்றத் தலைவர்கள் சிலரை அடித்துவிடலாம், சேர்க்க முடியாது. மிச்சமிருப்பவர்களில் எட்டுப் பேரைக் குலுக்கல் முடிவு செய்யும்; அந்த எட்டுப் பேர் மற்ற ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையைப் பள்ளியில் படித்த நமக்குக் குலுக்கல் புதிதாகத் தெரியாது. வேண்டியவரை உள்ளே கொண்டுவர எந்த அரசியல்வாதிக்கும் வழி இல்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

மிச்சிகன் இதைவிட ஒரு படி மேலே போனது. 2016 தேர்தல் முடிந்த கையோடு கேட்டி ஃபேஹி என்ற இளம்பெண் ஃபேஸ்புக்கில் இரண்டு வரி எழுதினார்: இந்தக் கெர்ரிமேண்டரிங்கை ஒரு கை பார்க்கலாம் என்றிருக்கிறேன், யாருக்காவது விருப்பமா என்று. அது கையெழுத்து இயக்கமாகி, 2018-இல் 61 சதவீத வாக்கோடு மாநில அரசியலமைப்பில் ஏறியது. 13 பேர், இவர்களில் ஐவர் கட்சி சாராதவர்கள். 9,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், தேர்வு குலுக்கலில். அவர்கள் வரைந்த வரைபடத்தில் 2022-இல் தேர்தல் நடந்தபோது கிட்டத்தட்ட 40 ஆண்டுகளுக்குப் பிறகு மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சிக்குப் போயின.

இங்கே நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் 2023 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம், டெட்ராய்ட் பகுதியில் இதே ஆணையம் வரைந்த 13 தொகுதிகள் அரசியலமைப்புக்கு விரோதமானவை என்றது. கறுப்பின மக்கள் நெருங்கி வாழும் நகரப் பகுதிகளைக் கீற்றுக்கீற்றாக வெட்டி வெள்ளையர் புறநகர்களோடு சேர்த்திருந்தார்கள். நிபுணர்கள் சொன்ன இன விகிதாசாரத்தை இலக்காக வைத்துக் கோடு போட்டது பதிவுகளிலேயே இருந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அனுபவமில்லாதவர்கள் ஆலோசகர் சொன்னதை அப்படியே கேட்டார்கள். குலுக்கலில் வந்தவர் கட்சிக்கு அடிமையாக மாட்டார், ஆலோசகரின் கையில் எளிதாக மாட்டிக்கொள்ளக்கூடும்.

பெயருக்கு ஆணையம் என்றால் ஒஹையோ. அங்குள்ள ஏழு பேரும் அரசியல்வாதிகள்: ஆளுநர், மாநிலத் தணிக்கையாளர், மாநிலச் செயலர், சட்டமன்றத்திலிருந்து நால்வர். 2022-இல் அவர்கள் போட்ட சட்டமன்றத் தொகுதி வரைபடத்தை மாநில உச்ச நீதிமன்றம் ஐந்து முறை ரத்து செய்தது, ஒவ்வொரு முறையும் 4-3. நாலாவது வாக்கைப் போட்டவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த தலைமை நீதிபதி மொரீன் ஓ’கானர். ஆனால் தானே வரைபடம் போட அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. ஆணையம் நாள் கடத்தியது, தேர்தல் நெருங்கியது, கடைசியில் ஏற்கெனவே ரத்தான ஒரு வரைபடத்திலேயே தேர்தல் நடத்தும்படி கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஐந்து தீர்ப்பும் காகிதத்தோடு போயின. வயது வரம்பால் ஓய்வு பெற்ற ஓ’கானர், 2024-இல் குடிமக்கள் ஆணையம் கேட்டு ஒரு வாக்கெடுப்புக்குத் தலைமை தாங்கினார். வாக்குச்சீட்டில் அச்சிட வேண்டிய விளக்கத்தை எழுதும் பொறுப்பு எதிர்த்தரப்பு பெரும்பான்மையாக இருந்த குழுவிடம் இருந்தது. அந்தப் புதிய ஆணையம் கெர்ரிமேண்டரிங் செய்யக் கடமைப்பட்டது என்று அவர்கள் எழுதி வைத்தார்கள். கெர்ரிமேண்டரிங்கை ஒழிக்க வந்தவர்களில் சிலரே குழம்பி எதிர்த்து வாக்களித்தால் ஆச்சரியமில்லை. தீர்மானம் தோற்றது.

நியூயார்க்கில் இரு கட்சிக்கும் சமமாக ஆட்களைப் போட்டு பத்துப் பேர் ஆணையம் வைத்தார்கள். இரட்டைப்படை எண் என்ன செய்யுமோ அதைச் செய்தது. ஐந்து ஐந்தாகப் பிரிந்து நின்றது. பேனா சட்டமன்றத்துக்கே திரும்பிப் போய், அங்கிருந்து நீதிமன்றத்துக்குப் போனது. யூட்டாவில் 2018-இல் மக்கள் வாக்களித்து உருவாக்கிய ஆணையத்தைச் சட்டமன்றம் 2020-இல் வெறும் ஆலோசனைக் குழுவாகத் தேய்த்துவிட்டு, சால்ட் லேக் பகுதியை நாலாகக் கூறுபோட்டது. அரசைச் சீர்திருத்தும் மக்களின் உரிமையைச் சட்டமன்றம் இப்படிப் பறிக்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்ல, 2025-இல் அந்த வரைபடம் விழுந்தது. ஆணையம் வெறும் சட்டத்தில் இருப்பதற்கும் அரசியலமைப்பில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. நாடு முழுவதற்கும் ஆணையத்தைக் கட்டாயமாக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2021-இல் கீழவை அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் அது நகரவில்லை.

அது நகராததன் விலை 2025-இல் தெரிந்தது. பத்தாண்டு முடியக் காத்திராமல், டிரம்ப்பின் வேண்டுகோளின்படி டெக்சாஸ் ஆகஸ்டில் வரைபடத்தை மாற்றி, மேலும் ஐந்து இடங்களைக் குடியரசுக் கட்சிக்குக் குறிவைத்தது. இடைக்காலத்தில் மாற்றுவதற்குத் தடை இல்லை என்பது 2006-இல், இதே டெக்சாஸ் வழக்கில் முடிவான விஷயம். நவம்பரில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் இன அடிப்படையில் பிரித்ததாகச் சொல்லி நிறுத்தியது. ‘இனம் பார்க்கவில்லை, கட்சிதான் பார்த்தோம்’ என்பது மாநிலத்தின் பதில். டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வரைபடத்தைப் பயன்படுத்த அனுமதித்தது. இதன் உந்துதல் கட்சி ஆதாயமே என்று நீதிபதி அலிட்டோ தனியாக எழுதிய குறிப்பில் வெளிப்படையாகவே சொன்னார். ரூச்சோவுக்கு முன் ‘கட்சிக்காகச் செய்தோம்’ என்பது மறைக்க வேண்டிய விஷயம். இப்போது அதுவே கேடயம்.

கலிபோர்னியா பதிலடி கொடுத்தது. தன் 14 பேர் ஆணையத்தின் வரைபடத்தை ஒதுக்கிவைத்து, ஜனநாயகக் கட்சிக்கு ஐந்து இடங்களைத் திருப்பிப் பிடிக்கும் வரைபடம் ஒன்றை ஆளுநர் நியூசம் முன்வைத்தார். ஆணையம் அமையக் காரணமாயிருந்த முன்னாள் ஆளுநர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் எதிர்த்துப் பிரசாரம் செய்தார். நவம்பர் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 64 சதவீதம் பேர் புதிய வரைபடத்துக்கு ஆதரவு. அந்த மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். எதிராளி கத்தியோடு வரும்போது நான் மட்டும் வெறுங்கையோடு நிற்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. மாநில அளவில் மட்டும் ஆணையம் வைத்தால் அந்தக் கேள்வி வந்தே தீரும். 2030 தேர்தல் வரைக்கும்தான் இந்த ஏற்பாடு, அடுத்த கணக்கெடுப்புக்குப் பின் பேனா ஆணையத்துக்குத் திரும்பும் என்று தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

இதே அலையில் இண்டியானாவும் இழுக்கப்பட்டது. 1986-இன் பேண்டிமர் வழக்கு கிளம்பிய அதே மாநிலம். ஒன்பது இடங்களில் ஏழு ஏற்கெனவே குடியரசுக் கட்சியிடம். மீதி இரண்டையும் துடைத்தெடுக்கும் வரைபடம் மாநிலக் கீழவையில் நிறைவேறி மேலவைக்கு வந்தது. அங்கே கட்சிக்கு 50-இல் 40 பேர். வாஷிங்டனிலிருந்து நெருக்கடி, உறுப்பினர்கள் வீடுகளுக்கு மிரட்டல்கள். அந்த மாநிலத்தில் சுயேச்சையான ஆணையம் இல்லை, தடுக்க எந்த நீதிமன்றமும் முன்வந்திருக்கவில்லை. டிசம்பர் 11-இல் வாக்கெடுப்பு நடந்தபோது குடியரசுக் கட்சியினர் 21 பேர் பத்து ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்தார்கள். 31-19 என்று வரைபடம் தோற்றது.